முந்திரிப்பழம் பழமா, பூக்காம்பா?

செம்மண்தோப்பு | பிப்ரவரி 8

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் எங்கள் ஊர். முந்திரி ஐந்து ஏக்கர், வேலி ஓரமாகப் பலா பன்னிரண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பழைய மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, ஒட்டுக்கன்று வைத்து மீண்டும் உண்டாக்கிய தோப்பு இது.

வீட்டில் ஒரு வாரமாக வாக்குவாதம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் என் அம்மாவிடம், "ஆயா, முந்திரிப்பழம் பழமே கிடையாது. கொட்டைதான் பழம். நாம் பழம் என்று சொல்வது அதன் காம்பு" என்று சொல்லிவிட்டாள். அம்மா ஐம்பது ஆண்டுகளாகப் பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுப்பவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காம்பு இனிக்குமா? காம்பில் சாறு வடியுமா? வௌவால் காம்பைத் தேடிக்கொண்டு வருமா?" என்று மூன்று கேள்வி கேட்டார். மகளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

என் மனம் அம்மா பக்கம்தான் சாய்கிறது. ஆனால் பாடப்புத்தகம் காரணமில்லாமல் சொல்லாது என்றும் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் விளக்குங்கள். படம் வேண்டாம், சொல்லிலேயே எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

சூலகமுடி | பிப்ரவரி 8

அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னதால் அவருக்கே எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுத்தவள் நான். இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். தோப்பின் நடுவில் நின்றுகொண்டு கேட்டவர் நீங்கள்தான்.

பழத்தைப் பார்த்து அது பழமா என்று தீர்மானிக்க முடியாது. பூவைப் பார்க்க வேண்டும். பூவின் நடுவில் இருக்கும் சூலகம் கருவுற்று, வளர்ந்து, முதிர்ந்தால் அந்த உறுப்புக்குத் தாவரவியல் கனி என்று பெயர் வைக்கிறது. சூலகத்தின் சுவர் கனியுறை ஆகிறது. உள்ளே இருக்கும் சூல் விதை ஆகிறது.

முந்திரிப் பூவில் ஒரு சூலகம், அதற்குள் ஒரே ஒரு சூல். அந்தச் சூலகம்தான் உங்கள் கொட்டை. உடைத்தால் ஓட்டுக்குள் தேன்கூடு போன்ற அறைகளும், அவற்றில் கையைப் புண்ணாக்கும் எண்ணெயும் இருக்கும். பலரும் அந்த ஓட்டை விதையின் ஓடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சூலகச் சுவர். பருப்பு மட்டுமே விதை. அது இரண்டாகப் பிளக்கிறதே, அந்த இரண்டு பாதியும் விதையிலைகள்.

மாம்பழத்தில் நாம் சுவைக்கும் சதையும் இதே சூலகச் சுவர்தான். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். மாங்காய்க் காம்பில் வடியும் பால் உதட்டைப் புண்ணாக்குவதும் முந்திரி எண்ணெய் விரலைப் புண்ணாக்குவதும் நெருங்கிய உறவுள்ள வேதிப்பொருள்களால்தான். மாமரம் தன் சூலகச் சுவரில் இனிப்பைச் சேர்த்தது. முந்திரி அதே சுவரில் எரிச்சலூட்டும் எண்ணெயை நிரப்பி விதைக்குக் காவல் வைத்தது; இனிப்பைப் பூவைத் தாங்கிய காம்பில் சேர்த்தது. வௌவால் வருகிறது, காம்பின் இனிப்புக்காகத் தூக்கிக்கொண்டு பறக்கிறது, சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடுகிறது. கொட்டை வேறிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆகவே அம்மா கேட்ட மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்பதே விடை. இந்தக் காம்பு இனிக்கும், சாறு வடியும், வௌவாலை அழைக்கும். பழம் செய்ய வேண்டிய வேலையை அது ஒன்றுவிடாமல் செய்கிறது. செய்யும் வேலையை வைத்துப் பேசினால் ஆயா சொல்வது சரி. பிறந்த இடத்தை வைத்துப் பேசினால் பேத்தி சொல்வது சரி. தாவரவியல் பிறந்த இடத்தை வைத்துப் பெயரிடுகிறது.

ஒரு வேண்டுகோள். இப்போது மரம் பூத்திருக்கும். ஒரு கொத்தில் பத்துப் பூக்களுக்கு வண்ண நூல் கட்டி வையுங்கள். ஒரே கொத்தில் ஆண்பூவும் இருபால் பூவும் கலந்திருக்கும், ஆண்பூக்களே மிகுதி, ஆகையால் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். அதற்காக வருந்த வேண்டாம். தப்பி நிற்பவற்றில் எது முதலில் பருக்கிறது, கொட்டையா காம்பா என்று மூவரும் பார்த்து எழுதுங்கள்.

மகரந்தம் | பிப்ரவரி 9

டீச்சர், நான் நீட் தேர்வுக்குப் படிக்கிறேன். என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் ஆப்பிள், ஸ்ட்ராபெரி, முந்திரி போன்றவற்றில் பூத்தளமும் கனியில் சேர்வதால் அவை பொய்க்கனிகள் என்று இருக்கிறது. நீங்கள் பூக்காம்பு என்கிறீர்கள். நான் எதை எழுதுவது?

சூலகமுடி | பிப்ரவரி 9

தேர்வில் அந்தப் புத்தகத்தின் வரியையே எழுது, அம்மா. மதிப்பெண்ணை இழக்காதே. மனத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்.

பூக்காம்பின் நுனி விரிந்து பூவின் உறுப்புகளைத் தாங்கும் இடம்தான் பூத்தளம். முந்திரியில் பருப்பது பெரும்பாலும் காம்பு. நுனியில் இருக்கும் பூத்தளமும் அதோடு சேர்ந்து பருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. ஸ்ட்ராபெரியில் பருப்பது உண்மையிலேயே பூத்தளம். அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு 'விதை' ஒவ்வொன்றும் தனித்தனிக் கனி. ஆப்பிளிலோ சூலகம் நடுவில் ஐந்து அறைகளாக ஒடுங்கிவிடுகிறது. விதையைச் சுற்றிப் பல்லில் மாட்டும் கெட்டியான செதில்கள் இருக்குமே, அவை சூலகத்தின் உட்சுவர். நாம் விரும்பித் தின்னும் சதையின் பெரும்பகுதி, சூலகத்தைச் சூழ்ந்து அதோடு ஒட்டி வளர்ந்த பூக்கிண்ணம்.

மூன்றும் மூன்று வழி. இவற்றை 'பொய்க்கனி' என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது எனக்கு எப்போதுமே வருத்தம் தந்திருக்கிறது. பணியில் இருந்த நாளெல்லாம் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், ஒருநாளும் மனம் ஒப்பி எழுதியதில்லை. அந்தப் பழங்களிடம் பொய் எதுவும் இல்லை.

சொல்வேர் | பிப்ரவரி 9

டீச்சரின் விளக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 'கனி' என்ற கலைச்சொல்லோடுதான் சண்டை.

தமிழில் காய், பழம், கனி எல்லாமே வினையிலிருந்து வருபவை. காய்க்கிறது, பழுக்கிறது, கனிகிறது என்கிறோம். ஓர் உறுப்பின் பருவத்தைச் சொல்லும் சொற்கள் அவை. அதிலும் நம்மவர்கள் மரத்துக்கு மரம் பருவப்பெயர் வைத்திருக்கிறார்கள். மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். எள்ளின் பிஞ்சு கவ்வை. தென்னைக்கும் பனைக்கும் குரும்பை. தென்னையில் அதற்குப் பிறகும் இளநீர், தேங்காய், நெற்று என்று போகிறது. ஒரே உறுப்பை இத்தனை முறை திரும்பிப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியலே இலை, தளிர், பூ, அரும்பு ஆகியவற்றோடு காயையும் பழத்தையும் மரத்தின் உறுப்புப் பெயர்களாக வரிசைப்படுத்துகிறது.

இப்படிப்பட்ட மொழியில் பாடநூல் 'வெண்டை ஒரு கனி' என்று எழுதும்போது பிள்ளைகள் திகைக்கிறார்கள். கனி என்றால் கனிந்தது என்றல்லவா காது கேட்டுப் பழகியிருக்கிறது? வெண்டையை யாரும் கனியவிடுவதில்லை. 'காய்' என்பதையே உறுப்பின் பொதுப்பெயராக வைத்திருந்தால் இந்தத் திகைப்பு வந்திருக்காது. மரம் காய்த்தது என்றால் சூலகம் வளர்ந்தது என்றுதான் பொருள். கத்தரிக்காய், வெண்டைக்காய், புடலங்காய், முருங்கைக்காய், அவரைக்காய், மிளகாய் என்று தாவரவியல் கனி என்று சொல்பவற்றுக்கெல்லாம் நம் சந்தை ஏற்கெனவே காய் என்று பெயர் வைத்துவிட்டது. முள்ளங்கிக்காய் என்றோ கீரைக்காய் என்றோ யாரும் சொல்வதில்லை. படிக்காத பாட்டிகூட இந்த இடத்தில் தவறுவதில்லை.

கடைத்தெரு | பிப்ரவரி 10

கோயம்பேட்டில் பழ வியாபாரம், இருபத்திரண்டு ஆண்டுகள். இங்கே நடப்பது படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் நேராகவே கேட்கிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம். சூலகம், பூத்தளம், காம்பு என்று பிரித்துத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன கிடைக்கிறது? என்னிடம் பலாப்பழம் வருகிறது. நான் பார்ப்பது முள் அகன்றிருக்கிறதா, தட்டினால் என்ன ஓசை வருகிறது, வாசனை எப்படி இருக்கிறது என்பதைத்தான். இதையெல்லாம் மீறிச் சில பழங்கள் ஏமாற்றிவிடுகின்றன. வெளியே கொழுத்திருக்கும், வெட்டினால் சுளை பத்துக்கூடத் தேறாது, உள்ளே எல்லாம் சடைதான். வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடுகிறார். இதற்குத் தாவரவியலில் பதில் இருந்தால் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

சூலகமுடி | பிப்ரவரி 10

இருக்கிறது, ஐயா. நீங்கள் கேட்டது இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

பலாப்பழம் ஒரு பழமன்று. ஒரு பூங்கொத்து முழுவதும் சேர்ந்து பருத்து ஒன்றாகிவிட்ட உருவம். வெளியே தெரியும் முள் ஒவ்வொன்றும் ஒரு பெண்பூவின் நுனி. முட்களை எண்ணினால் அந்தக் கொத்தில் எத்தனை பூக்கள் இருந்தன என்று தெரிந்துவிடும். நடுத்தண்டு பூங்கொத்தின் அச்சு. கருவுற்ற ஒவ்வொரு பூவின் இதழுறை சதைப்பிடித்துச் சுளை ஆகிறது. சூலகத்திலிருந்து வந்த உண்மையான கனி, சுளைக்குள்ளே கொட்டையைப் போர்த்தியிருக்கும் உறைக்கு உட்பட்டது மட்டும்தான். கருவுறாத பூக்களின் இதழுறைகள் சதைப்பிடிக்காமல் நாராக நின்றுவிடுகின்றன. நீங்கள் சடை என்று ஒதுக்குவது அவற்றைத்தான்.

ஆக, சுளை குறைந்து சடை நிறைந்த பழம் என்றால், அந்தக் கொத்துப் பூத்திருந்தபோது மகரந்தம் சரியாக வந்து சேரவில்லை என்று பொருள். பலாவில் ஆண் கொத்து தனி, பெண் கொத்து தனி. பெண் கொத்துகள் அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும் வரும். ஆண் கொத்துகள் பெரும்பாலும் சிறு கிளைகளின் நுனிப்பக்கம் வரும். பூச்சி நடமாட்டம் குறைந்தாலோ, பெண் கொத்து தயாராக இருக்கும் நாளில் ஆண் கொத்து மகரந்தம் உதிர்க்காவிட்டாலோ பல பூக்கள் வெறுமையாக நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் ஒடுங்கிக் கோணலாக இருக்கும் பழம் வந்தால் கவனியுங்கள். அந்த ஒடுங்கிய பக்கத்தில் சுளை குறைவாக இருக்கும். சீத்தாப்பழத்திலும் இதே கதைதான். அதன் மேலே தெரியும் மேடு ஒவ்வொன்றும் ஒரு சூலிலை, அதாவது சூலகத்தின் ஓர் அலகு, கருவுறாத பக்கம் வளராமல் குழிந்துவிடும். அதனால்தான் சீத்தா வளர்ப்பவர்கள் தூரிகையால் மகரந்தத்தை எடுத்துக் கையாலேயே தடவிவிடுகிறார்கள்.

செம்மண்தோப்பு, உங்கள் பலா மரத்தடியில் விரல் நீளப் பிஞ்சுகள் கறுத்து உதிர்ந்து கிடந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். வேலை முடிந்த ஆண் கொத்துகள் அப்படித்தான் உதிரும். அவை பிஞ்சே அல்ல.

செம்மண்தோப்பு | பிப்ரவரி 10

டீச்சர், சென்ற ஆண்டு இப்படி உதிர்ந்ததைப் பார்த்து இரண்டு முறை மருந்து அடித்தோம். அம்மாவுக்கு உங்கள் கடைசிப் பத்தியை மட்டும் மூன்று முறை வாசிக்க வேண்டியதாயிற்று.

பத்துப் பூக்களுக்கு நேற்றுச் சிவப்பு நூல் கட்டிவிட்டோம்.

மானாவாரி | பிப்ரவரி 11

திண்டிவனம் பக்கம். மணிலா, அதாவது நிலக்கடலை, போடுகிறவன். கடைத்தெரு ஐயா கேட்டதற்கு என் நிலத்திலிருந்து ஒரு பதில்.

நிலக்கடலையை வேர்க்கடலை என்கிறோம். மண்ணுக்குள்ளிருந்து பிடுங்குவதால் அது வேரில் காய்ப்பது என்று என் தகப்பனார் கடைசி வரை நம்பினார். நானும் நம்பினேன். வேரில் ஒரு கடலைகூடக் காய்ப்பதில்லை. பூ மண்ணுக்கு மேலே, இலைக்கக்கத்தில் மஞ்சளாகப் பூக்கிறது. விடியலில் பூத்து அன்றே வாடிவிடும். அடுத்த சில நாளில் பூ இருந்த இடத்திலிருந்து ஊசி போல ஒன்று கீழ்நோக்கி நீளும். அதை நாங்கள் விழுது என்போம். 'விழுது இறங்கிவிட்டதா' என்றுதான் ஒருவரை ஒருவர் விசாரிப்போம். அந்த விழுதின் நுனியில் சூலகம் இருக்கிறது. மண்ணைத் துளைத்து இரண்டு மூன்று விரற்கடை ஆழம் போனதும் படுக்கைவாட்டில் திரும்பி, இருட்டில் பருக்கத் தொடங்குகிறது. மண்ணைத் தொடாத விழுது அப்படியே காய்ந்துபோகும்.

இது தெரிந்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வார்கள். அடியுரம்தான் போட்டாயிற்றே, செடி வேரால் எடுத்துக்கொள்ளாதா என்று நான் பல ஆண்டு அலட்சியமாக இருந்தேன். காய் பொக்காகப் போனது. பிறகுதான் வேளாண்மை படித்த ஒருவர் உட்காரவைத்து விளக்கினார். ஜிப்சத்தில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து செடிக்குள் நீரோடு சேர்ந்து மேலே போகும். இலை நீரை ஆவியாக்குவதால் நீர் அங்கே இழுக்கப்படுகிறது. மண்ணுக்குள் இருக்கும் காய் ஆவி விடுவதில்லை, ஆகவே நீரோடு வரும் சுண்ணாம்புச்சத்து அதற்குப் போதுமான அளவு வந்து சேராது. காய் தன் தோலாலேயே பக்கத்து மண்ணிலிருந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஜிப்சத்தை விழுது இறங்கும் இடத்தில், இறங்கும் நேரத்தில் போட வேண்டும். அதற்கு மேல் களைக்கொத்தை உள்ளே விடக்கூடாது, விழுது அறுந்துவிடும்.

அது வேரா கனியா என்பது எனக்குப் பரீட்சைக் கேள்வி அல்ல. மூட்டைக் கணக்கு.

வலிகாமம் | பிப்ரவரி 12

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். முந்திரியை நாங்கள் மரமுந்திரிகை என்றும் கஜு என்றும் சொல்வோம். மானாவாரி அண்ணன் சொல்லும் நிலக்கடலை எங்களுக்குக் கச்சான். அவருடைய விளக்கத்தை வாசித்தபின் கோயில் திருவிழாக் கச்சான் கடையை இனி வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

எனக்குப் பனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நுங்கில் மூன்று கண், தேங்காயிலும் மூன்று கண். சிறுவயதில் இது ஏதோ தற்செயல் என்று நினைத்திருந்தேன். இரண்டு மரத்துக்கும் சூலகத்தில் மூன்று சூலிலைகள். பனையில் பெரும்பாலும் மூன்றுமே வளர்ந்து, ஒரு காய்க்குள் மூன்று கொட்டை வைக்கின்றன. அதனால் மூன்று நுங்கு. தென்னையில் ஒன்று மட்டும் வளர்கிறது, மற்ற இரண்டும் நின்றுவிடுகின்றன. ஆனாலும் சிரட்டையில் மூன்றுக்கும் அடையாளம் இருக்கிறது. அந்த மூன்றில் ஒரு கண் மட்டும் விரலால் அழுத்தினால் மென்மையாக இருக்கும். முளை வெளியே வருவது அந்த வழியாகத்தான். மற்ற இரண்டும் வராமல் போன உடன்பிறப்புகளின் தடம்.

பனம்பழத்தைப் பிசைந்து பனாட்டுப் போடுகிறோமே, அந்தக் களி கனியுறையின் நடுப்பகுதி. தேங்காயில் அதே நடுப்பகுதி தும்பாக, அதாவது நாராக, ஆகிவிட்டது. நுங்கு விதைக்குள் இருக்கும் உணவு. பனங்கொட்டை முளைத்தபின் பிளந்தால் கிடைக்கும் பூரானும் முளைத்த தேங்காயின் தேங்காய்ப்பூவும் ஒன்றே. முளைக்கும் குழந்தை விதையின் உணவை உறிஞ்ச நீட்டிய உறுப்பு. பனங்கிழங்கு என்று நாம் அவித்துத் தின்பதும் கிழங்கன்று, இளநாற்று. கனியில் தொடங்கி மறுபடி நாற்று வரைக்கும் ஒரு பருவம் விடாமல் எல்லாவற்றையும் உணவாக்கிக்கொண்ட ஊர் எங்களுடையது.

அஞ்சறைப்பெட்டி | பிப்ரவரி 14

நான் இல்லத்தரசி. நான்கு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு, இன்று மகனின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். எது விதை, எது கனி என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா, டீச்சர்?

சூலகமுடி | பிப்ரவரி 14

வடுக்களை எண்ணுங்கள். கனி ஒரு பக்கம் காம்பில் இணைந்திருந்தது, இன்னொரு இடத்தில் சூலகத்தண்டை, அதாவது பூவில் சூலகத்தின்மேல் நின்ற மெல்லிய தண்டை, தாங்கியிருந்தது. ஆகவே இரண்டு வடு. விதை சூலகச் சுவரோடு ஓரிடத்தில்தான் இணைந்திருந்தது. ஆகவே ஒரு வடு. நம் தொப்புளைப் போல. வெண்டைக்காயின் கூர்நுனி, மாங்காயின் மூக்கு, வாழைப்பழத்தின் கறுத்த முனை எல்லாம் பூவின் பக்கத்து அடையாளங்கள்.

அஞ்சறைப்பெட்டி | பிப்ரவரி 15

பார்த்துவிட்டேன்.

கடுகு, வெந்தயம், முழு உளுந்து மூன்றிலும் ஒரு வடுதான். உளுந்தில் அது வெள்ளைக் கோடாக நன்றாகவே தெரிகிறது. மல்லியைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டேன். ஒரு முனையில் காம்பு இருந்த இடம், மறுமுனையில் கொம்பு போலச் சிறு கூர். கொத்தமல்லி விதை என்று சொல்லியே கடையில் வாங்குகிறோம். அது முழுக் கனி! உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இரண்டாகப் பிரிந்தது. சீரகமும் சோம்பும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், வாசனையிலேயே உறவு தெரிகிறது. மிளகிலும் இரண்டு அடையாளம். அந்தச் சுருங்கிய கறுப்புத் தோல் கனியின் சதை காய்ந்தது என்றால், வெள்ளை மிளகு அந்தச் சதையை உரித்தது, இல்லையா?

என்னைக் குழப்பியவை இரண்டு. ஜாதிக்காயில் எவ்வளவு தேடியும் இரண்டாவது வடு கிடைக்கவில்லை, ஆனால் பெயர் காய். பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவைப் பிளந்தால் ஒவ்வொரு இதழுக்குள்ளும் பளபளவென்று ஒரு விதை! பூவுக்குள் எப்படி விதை வரும்?

சூலகமுடி | பிப்ரவரி 15

வெள்ளை மிளகைப் பற்றிச் சொன்னது சரி. சீரகம், சோம்பு, மல்லி மூன்றும் ஒரே குடும்பம்தான். அந்தச் சீரகமணி பெரும்பாலும் கனியின் பாதி.

ஜாதிக்காய் விதைப்பருப்பு. அதன் கனி மஞ்சள் நிறத்தில், சதைப்பற்றாக, மரத்திலேயே இரண்டாகப் பிளக்கும். உள்ளே செந்நிற வலை போல விதையைப் பின்னியிருப்பது ஜாதிபத்திரி. அந்தச் சதையில் ஊறுகாய் போடுவார்கள். அன்னாசிப்பூ பூவே அன்று. முதிர்ந்து வெடித்த கனி. நீங்கள் இதழ் என்று நினைத்தது ஒவ்வொன்றும் ஒரு சூலிலை.

சொல்வேர் அவர்களே, சந்தை வைத்த பெயர்கள் தவறுவதில்லை என்றீர்கள். விதையைக் காய் என்றும் கனியைப் பூ என்றும் மாற்றி வைத்த பெயர்கள் இரண்டு கிடைத்திருக்கின்றன. 'காய்' என்பதையே பொதுப்பெயராக்கினால் பிள்ளைகள் முதலில் ஜாதிக்காயிலும் பிறகு நெல்மணியிலும் தடுக்கி விழுவார்கள். நெல்மணியும் கனிதான், சூலகச் சுவர் விதையோடு ஒட்டிப்போய்த் தவிட்டில் ஓர் அடுக்காகிவிடுகிறது. அதைப் போய்க் காய் என்று யார் சொல்வார்கள்?

சொல்வேர் | பிப்ரவரி 16

இரண்டு பெயர்களிலும் எனக்குத் தோல்வி, ஒப்புக்கொள்கிறேன். இரண்டுமே நம் வயலிலும் கொல்லையிலும் எல்லாரும் பார்த்து வளர்ந்தவை அல்ல என்பது மட்டும் என் பக்கத்து வாதம். அன்னாசிப்பூ வெளிநாட்டிலிருந்து உலர்ந்து வருவது, அதன் மரத்தை நம் ஊரில் பார்த்தவர் அரிது. பார்த்துப் பழகிய மரத்துக்கு நம்மவர்கள் பெயரைத் தவறாக வைக்கவில்லை.

அத்தியைப் பாருங்கள். அரிதாக நடப்பதை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். பூ கண்ணில் படாமலேயே அடிமரமெல்லாம் காய்த்துக் குலுங்கும் மரத்தை வைத்து எழுந்த வழக்கு. 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்றும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் தாவரவியல் வந்துவிடுகிறது. பூக்கள் காய்க்கு உள்ளே, உட்சுவர் முழுவதும் இருக்கின்றன. நுனியில் உள்ள சிறு துளை வழியாகக் குளவியினத்தைச் சேர்ந்த மிகச் சிறு பூச்சி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்து, சில பூக்களின் சூலகத்தில் முட்டையிடுகிறது. பிட்டுப் பார்த்தவர் கண்டது அந்தக் குஞ்சுகளையும் அவை வளர்ந்து ஆன பூச்சிகளையும்தான். அவை இல்லாவிட்டால் அத்தியில் விதை பிடிக்காது. பூ இல்லை என்று நினைத்தவர்களும் புழு இருக்கிறது என்று கண்டவர்களும் ஒரே மரத்தடியில்தான் நின்றிருக்கிறார்கள்.

கடைத்தெரு | மார்ச் 21

டீச்சர், பலா வரத்துத் தொடங்கிவிட்டது. நீங்கள் சொன்னபடி கோணல் பழங்களைத் தனியாக எடுத்து, எட்டுப் பழத்தை நானே வெட்டிப் பார்த்தேன். ஏழில் ஒடுங்கிய பக்கம் சடை. ஒன்று மட்டும் கோணலாக இருந்தும் சுளை நன்றாக இருந்தது. ஒருவேளை கிளை இடுக்கில் அழுந்தி வளர்ந்திருக்கலாம். கோணல் பழத்துக்கு இந்த ஆண்டிலிருந்து விலையைக் குறைத்துச் சொல்கிறேன், காரணத்தையும் சொல்லியே விற்கிறேன். பத்துத் தேதியில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நன்றி.

செம்மண்தோப்பு | ஏப்ரல் 11

நூல் கட்டிய பூக்களின் கணக்கு இது. மகள் குறிப்பேட்டில் எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன்.

பத்தில் ஏழு முதல் வாரத்திலேயே உதிர்ந்துவிட்டன. மூன்று பிஞ்சு பிடித்தன. ஒன்று பட்டாணி அளவில் விழுந்தது. மிச்சம் இரண்டு. மார்ச் 10 வாக்கில் கொட்டை முழு அளவுக்கு வந்து பச்சையாகத் தொங்கியது, இப்போது காய்ந்திருப்பதைவிடப் பெரிதாகவே இருந்தது. அன்று அதைத் தாங்கிய காம்பு தீக்குச்சியைவிடச் சற்றே தடிமன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கொட்டை இறுகிச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. காம்பு பருக்கத் தொடங்கியதே மார்ச் கடைசியில்தான். பிறகு நாளுக்கு நாள் ஊதி, மஞ்சளாகி, நேற்று ஒன்று தானாகவே கீழே விழுந்தது.

அம்மா ஒவ்வொரு முறையும் கூடவே வந்தார். மார்ச்சில் அந்தப் பச்சைக் கொட்டையையும் ஒல்லிக் காம்பையும் பார்த்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் நின்றார். ஐம்பது ஆண்டுகளாக அதைத் தினமும் கடந்து போயிருக்கிறார். பிறகு, "கொட்டை முந்திக்கொண்டு வருவதால்தானே முந்திரி என்று என் மாமியார் சொல்வார். நான் கேட்டுக்கொண்டேன், பார்க்கவில்லை" என்றார்.

இரண்டாவது வடுவையும் மகள் கண்டுபிடித்துவிட்டாள். காம்பு இணைந்த இடம் எளிதில் தெரிந்தது. சூலகத்தண்டு இருந்த இடம் கொட்டையின் உள்வளைவுப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி. ஆயாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டினாள்.

அம்மா அதைக் கனி என்று ஒப்புக்கொண்டார். மற்றதைப் பழம் என்று சொல்வதை விடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். விழுந்ததை மூன்று துண்டாக நறுக்கி, உப்புத் தொட்டுச் சாப்பிட்டோம். தொண்டைக் கரகரப்பு இரவு வரை போகவில்லை. கொட்டை திண்ணையில் காய்கிறது.